மலையம்மாவுக்கு நேர்ந்த தலைமுடி

என் மகள் அப்போது நாலாம் வகுப்பு. அந்த வகுப்புக்குச் சரித்திரப் பாடத்தைத் தீர்மானித்தவர் யாரென்று தெரிந்தால், ஒரு நாள் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, பத்து வயதுப் பிள்ளைக்கு நரபலியைப் படிப்பிக்கச் சொல்லி உமக்கு யார் சொன்னது என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். சூரியன், சந்திரன், வண்ணத்துப்பூச்சி என்று உலகத்தில் பாடங்களுக்கா பஞ்சம்?

பலேர்மோ நகரத்தில், பொலிதேயாமாப் பக்கத்தில் அலுவலகங்களைத் துடைத்துவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது பின்னேரம் ஆகிவிடும். அன்றைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் வைக்க இடமில்லை. விறாந்தை முழுவதும் பெரிய மட்டைக் காகிதம் விரித்துக் கிடக்கிறது. நடுவிலே சிவப்புப் பேனாவால் கீறிய நெருப்பு. நெருப்புக்கு மேலே ஒரு குழந்தை. குழந்தைக்குச் சிரித்த முகம் வேறு போட்டிருந்தாள்.

"என்ன பிள்ளை உது?"

"ரிச்செர்க்கா, அப்பா. மயெஸ்திரா எழுதிக்கொண்டு வரச் சொன்னவ."

ரிச்செர்க்கா என்றால் தேடி எழுதுகிற வீட்டுப்பாடம்; மயெஸ்திரா, ஆசிரியை. விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை சிசிலியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு குட்டித் தீவுக்குச் சுற்றுலா கூட்டிப் போயிருந்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் கப்பலோடி வந்த பினீசியர் குடியிருந்தார்களாம். அவர்கள் கைக்குழந்தைகளைத் தெய்வத்துக்குக் கொடுத்து, எரித்த எலும்பைச் சட்டியில் போட்டுப் புதைத்து, மேலே ஒரு கல்லும் நட்டுவைத்தார்களாம். பிள்ளைகள் அந்தக் கற்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இப்போது ஆசிரியை கேட்ட கேள்வி: அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? அதிலும் ஒரு நிபந்தனை. ‘அவர்கள் கெட்டவர்கள்’ என்று எழுதக் கூடாது. அவர்களுடைய பக்கத்தில் நின்று யோசித்து எழுத வேண்டும்.

கெட்டவர்கள் என்று எழுதினால் ஒரு வரியில் வேலை முடிந்திருக்கும். நானும் ஆறுதலாக ஒரு தேத்தண்ணி குடித்திருப்பேன்.

மனைவிக்கு இத்தாலியன் வாசிக்க வராது. ஆகவே வீட்டுப்பாடம் என் தலையில். நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகத்தோடு நிலத்தில் குந்தினேன். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் அதில் முட்டாள்தனமாக ஒன்றுமே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள். மழையும் விளைச்சலும் பிள்ளையும் தெய்வம் தருவது. தந்ததில் முதலாவதைத் திருப்பிக் கொடுத்தால்தான் மற்றது நிலைக்கும். வேறொரு தேசத்தில் சூரியனே பசியோடு இருந்தது; அதற்கு மனித இரத்தம் ஊட்டாவிட்டால் நாளைக்கு எழும்பி வராது. இன்னோரிடத்தில் கட்டிடத்தின் அத்திவாரம் நிற்க ஓர் உயிர் வேண்டியிருந்தது. எல்லாருக்கும் பொதுவான கணக்கு ஒன்றுதான்: பெரிதாக ஒன்று வேண்டுமென்றால் பெரிதாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். தேவையில்லாததைக் கொடுத்தால் அது குப்பை கொட்டுவது, காணிக்கை ஆகாது.

பணக்காரர்கள் இதிலும் சுழித்திருக்கிறார்கள். தங்கள் பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு, ஏழை வீட்டுப் பிள்ளையை வாங்கிக் கொடுத்தார்களாம். பிறகு யுத்தத்தில் தோற்றபோது, தெய்வம் கண்டுபிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் ஒப்பாரி. இதை வாசித்துச் சொன்னபோது சமையலறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எந்த ஊரிலையும் உதுதான்."

அறிஞர்களுக்குள்ளும் சண்டை இருக்கிறது என்று புத்தகத்தின் கடைசியில் போட்டிருந்தார்கள். சிலர் பலி என்கிறார்கள். சிலர் இல்லை, அது நோயில் செத்த குழந்தைகளைப் புதைத்த இடம் என்கிறார்கள். இதை முதல் பக்கத்திலேயே போட்டிருந்தால் நான் இவ்வளவும் வாசித்திருக்க வேண்டியதில்லை.

மகள் விடவில்லை. "அந்தப் பிள்ளைகள் ஓம் எண்டு சொன்னவையா, அப்பா? அவையளைக் கேட்டதா?"

கைக்குழந்தையை யார் கேட்பது? ஆனால் புத்தகத்தில் அதற்கும் பதில் இருந்தது. பழைய கிரேக்கர் மாட்டையும் ஆட்டையும் வெட்டும்போது தலையில் தண்ணீர் தெளிப்பார்களாம். விலங்கு தலையை ஆட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம். இதை வாசித்ததும் எனக்கு எங்கள் ஊர் வைரவர் கோயில் வேள்வி நினைவு வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான் பிள்ளை. ஆட்டுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணி தெளிப்பினம். அது உடம்பைச் சிலுப்பித் தலையை ஆட்டினா உத்தரவு கிடைச்சிட்டுது எண்டு அர்த்தம். பிறகு வெட்டுவினம்."

"தண்ணி பட்டா எல்லா ஆடும் ஆட்டும்தானே?"

"ஓம்."

"மா தாய்!" என்று இத்தாலியனில் சொல்லிக் கையை விரித்தாள். சிசிலியப் பிள்ளைகள் நம்ப முடியாததைக் கேட்டால் விரிக்கும் அதே கை. பிறகு மட்டையின் ஓரத்தில் மாலை போட்ட ஓர் ஆட்டையும் கீறிவிட்டாள். அந்த ஆட்டுக்குச் சிரித்த முகம் போடவில்லை.

கடைசியாக ஒரு விதி எழுத இருந்தது. பலி கொடுக்கும்போது தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் அழக் கூடாது. தாய் அழுதால் பலி செல்லாது. மகள் அதை இத்தாலியனில் எழுதிவிட்டு, தமிழில் தாய்க்குச் சத்தமாகச் சொல்லிக் காட்டினாள். சமையலறையில் சொதி பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். அவள் அகப்பையைப் பிடித்தபடி பானைக்கு முன்னால்தான் நின்றாள்.

"ஓம், அழக் கூடாது" என்றாள். அடுப்பை நிறுத்தினாள். பிறகு மகளைப் பார்த்து, நாளைக்குப் பால் வாங்க வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்: "உன்ரை தலைமயிரும் நேர்ந்துதான் கிடக்கு. கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் விட்ட உடனை மலைக்குப் போகவேணும்."

நேர்த்தி வைத்தது நாலு வருஷத்துக்கு முன். மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டொக்டர் எங்களோடு மெதுவாகக் கதைக்கத் தொடங்கியதே எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் சன்னலைத் திறந்தால் மலை தெரியும். மலைக் குகையில் இந்த நகரத்தைக் காக்கிற புனிதை இருக்கிறா. ஒரு காலத்தில் கொள்ளை நோய் வந்தபோது அவவின் எலும்புகளைத் தெருவெல்லாம் ஊர்வலம் கொண்டுபோனதும் நோய் நின்றதாம். பலேர்மோத் தமிழர் சைவமோ கிறிஸ்தவ வேதமோ எல்லாரும் அவவிடம் போவார்கள். என் மனைவி அவவை மலையம்மா என்பாள். சன்னலைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளையைத் தா, அவளின்ரை தலைமயிரை இறக்கி உன்னட்டைத் தாறன் என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கதியில் யார் எதைச் சொன்னாலும் ஓம் என்றிருப்பேன்.

பிள்ளை எழும்பி வந்தாள். ஒரு மொட்டை போட்டு விஷயத்தை அன்றைக்கே முடித்திருக்கலாம். ஆனால் மனைவி விடவில்லை. நோயில் பாதி முடி கொட்டியிருந்தது. எலிவாலைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? வளரட்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, இழுத்துப் பின்னி, முடி இடுப்புக்கு வந்துவிட்டது. பெரியபிள்ளை ஆகிவிட்டால் மொட்டை போடுகிற வழக்கமில்லை. ஆகவே இந்தக் கோடையை விட்டால் வேறு கோடை கிடையாது.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப ஒவ்வொரு கிழமையும் எண்ணெய் வைச்சது எனக்கில்லையா?"

மனைவி அடுப்பில் வழிந்த சொதியைத் துடைக்கத் தொடங்கினாள். மகள் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினாள். மட்டையில் அந்த ஆடு என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி என்ற சாமான் இல்லை. மகள் தலையில் கை வைக்க விடமாட்டாள். தானே சிக்கெடுத்து, தானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு போவாள். கண்ணாடிக்கு முன்னால் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ தரம் கண்டேன். வகுப்பில் பொடியன்கள் என்ன சொல்வார்கள் என்பதே அவளுக்குப் பெரிய பயம். மனைவியோ ஒன்றும் நடக்காததுபோலச் சோறு போட்டாள். இடையில் நான். இரண்டு பக்கமும் தூதுபோய் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கினேன்.

முதலில் நானே மொட்டை போடுகிறேன் என்றேன்.

மனைவி என் தலையை ஆறுதலாகப் பார்த்தாள். முன்பக்கம் முழுதாகப் போய், காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்த காலம் அது. "இஞ்சருங்கோ, உதிலை என்ன கிடக்கு குடுக்க? மலையம்மாவுக்கு நக்கலா?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், புத்தகத்தில் இருந்ததும் இதேதான். கொடுப்பவனுக்கு வலிக்க வேண்டும். பினீசியப் பூசாரி இருந்திருந்தாலும் என் தலையைப் பார்த்து இதையேதான் சொல்லியிருப்பான்.

அடுத்தது பல்லரோச் சந்தைக்குப் போனேன். அங்கே வங்காளிக் கடையில் நீற்றுப்பூசணிக்காய் வரும். எங்களுடைய ஆட்கள் இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டார்கள் என்பது என் வாதம். மனிதனுக்குப் பதில் ஆடு, ஆட்டுக்குப் பதில் பூசணிக்காய்; உள்ளே குங்குமத்தைக் கரைத்து வெட்டினால் சிவப்பாகவும் ஓடும், யாருக்கும் நோகவும் மாட்டாது. இதைவிட நாகரிகமான கண்டுபிடிப்பு உலகத்தில் உண்டா? நல்ல முற்றின காயாகப் பார்த்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்து, இந்த விளக்கத்தையும் சொன்னேன். மனைவி முழுவதையும் கேட்டாள். அடுத்த நாள் அது பால்கறியாகச் சோற்றோடு வந்தது. நல்லாயிருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

பிறகு ஒரு லீவு நாளில் மலைக்குப் போய் அங்கிருந்த பாதிரியாரைப் பிடித்தேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். புனிதைக்கு ஒரு சிறு பிள்ளையின் முடி தேவையில்லை, ஒரு மெழுகுதிரி போதும் என்றார். நேர்த்தியை வேறொரு நல்ல காரியமாக மாற்றிவிடத் தனக்கு அதிகாரமும் உண்டு என்றார். எனக்கு அவருடைய காலில் விழலாம்போல இருந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு இறங்கினேன்.

"அவர் ஆர் மாத்துறதுக்கு?" என்றாள் மனைவி. "நான் அவருக்கே சொன்னனான்? அவவுக்குச் சொன்னனான்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ள எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் குட்டித் தீவையும் சட்டிகளையும் சொன்னேன். இதே மலையின் மற்றப் பக்கத்துக் குகைச் சுவரில் கற்கால மனிதர் கீறிய படத்தைச் சொன்னேன். ஆட்கள் வட்டமாக நிற்க, நடுவில் கட்டுப்பட்டதுபோல இரண்டு பேர் வளைந்து கிடக்கிறார்கள், அது விளையாட்டா பலியா என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. "அவங்களுக்கும் உமக்கும் என்ன வித்தியாசம்? அவங்களும் தங்கடை உடம்பிலை ஒண்டையும் குடுக்கேல்லை. பிள்ளையின்ரையைத்தான் குடுத்தவங்கள். உம்மடையில்லாத சாமானைக் குடுக்க நீர் ஆர்?"

அவள் உள்ளிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் ஏன் தலைமயிரைச் சொன்னனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. நாங்கள் கலியாணம் முடித்தது சமாதான காலத்தில். நான் யாழ்ப்பாணம், அவள் வன்னி. முடித்துவிட்டு நான் வேலைக்குத் திரும்பி வந்து, அவளைக் கூப்பிடுகிற கடுதாசிகளுக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்றேன். அதற்குள் அங்கே சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். மகள் வன்னியில் பிறந்தாள். யுத்தமும் முடிந்து, முகாமும் முடிந்துதான் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். மனைவிக்கு ஒரு தங்கை இருந்தாள், இயக்கத்துக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ‘போய்விட்டாள்’ என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். நானும் மேலே கேட்டதில்லை.

"அவள் போகேல்லை. குடுத்தது. வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டவை. மூத்தது நான். என்ரை மடியிலை இவள் பால் குடிச்சுக்கொண்டு கிடந்தாள். கைப்பிள்ளைக்காரியை விட்டிட்டினம். தங்கச்சியைக் குடுத்தம். பதினேழு வயசு."

நான் கதிரையில் இருந்தேன்.

"கொண்டு போனவுடனை தலைமயிரை வெட்டிப்போட்டினம். முழங்காலைத் தொடுற மயிர். கொஞ்ச நாளிலை ஓடி வந்திட்டாள். கட்டைத் தலையோடை ஒருத்தி நிண்டா ஊருக்கே தெரியும், ஓடி வந்தவள் எண்டு. அம்மா தன்ரை பழைய சவுரியைக் கட்டிவிட்டா. ரிபனும் கட்டி, பூவும் வைச்சு உள்ளுக்கை இருத்தி வைச்சம். தேடி வந்தினம். பிடிச்சு இழுக்கச் சவுரி கையோடை வந்திட்டுது."

"சரி, விடும்" என்றேன்.

"விடேலாது, கேளுங்கோ. அழுது குழறின வீடுகளிலை இன்னொண்டையும் கொண்டு போவினம் எண்டு ஊரிலை கதை. அம்மா வாசல்லை நிண்டா. ஒரு சொட்டும் விடேல்லை. தங்கச்சி படலை மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவள். அம்மா அழுறாவோ எண்டுதான் பாத்தவள். அம்மா அழேல்லை. நானும் அழேல்லை. என்னட்டைப் பிள்ளை இருந்தது."

பிறகு சொன்னாள், ஆஸ்பத்திரிச் சன்னலில் நின்றபோது கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாளாம். நகையைச் சொல்ல மனம் ஒப்பவில்லை, அது வெறும் நகை. தான் இந்த உலகத்தில் பார்க்கவே பயப்படுகிற ஒன்று, முடியில்லாத பெண்பிள்ளைத் தலை. அதைச் சொன்னால்தான் கேட்கும் என்று அதைச் சொன்னாளாம்.

"உங்கடை வீட்டிலை ஆரைக் குடுத்தவை?" என்று கடைசியில் கேட்டாள். "உங்களைப் பிளேன் ஏத்தினவை."

நான் எழும்பினேன். உள்ளிக் கோதுகளை அள்ளிக் குப்பையில் போட்டேன். திரும்பினால் கதவடியில் மகள் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நான் குடுக்கிறன், அம்மா" என்றாள். "பரவாயில்லை. திருப்பி வளரும்தானே."

உண்மையைச் சொன்னால், அவ்வளவு நாளும் வந்த கோபம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவள் மாட்டேன் என்று கதவை அடித்துச் சாத்தியபோது எனக்குப் பக்கபலம் இருந்தது. இப்போது பலியே மாலையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறது. எல்லா ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. கத்தி வைத்திருப்பவன் தனியே ஒன்றும் செய்ய முடியாது. தாயின் முகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை, சரி நான் போறன் என்று சொல்ல வேண்டும். "உனக்கு விளங்குதோ நீ என்ன சொல்லுறாய் எண்டு? அந்த ஆடும் இப்பிடித்தான் தலையாட்டினது!" என்று கத்தினேன். அவளுக்கு விளங்கியது. விளங்கித்தான் சொன்னாள். என் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் ஒருவரும் மிச்சமில்லை.

பள்ளிக்கூடம் விட்ட கிழமையே போனோம். பஸ் இருக்கிறது, நேரே வாசலில் இறக்கிவிடும். ஆனால் நேர்த்திக்கு நடந்துதான் ஏற வேண்டும், அதுவும் வெறுங்காலோடு. யூன் மாத வெயிலில் அந்தக் கல்லுப் பாதை தோசைக்கல்லாகக் கிடந்தது. மனைவி முன்னால், கைப்பையில் கத்தரிக்கோலும் ஒரு மஞ்சள் துணியும். நடுவில் மகள், தலை முழுகிப் பின்னாமல் விட்ட முடி முதுகெல்லாம் விரிந்து கிடந்தது. பின்னால் நான், மூன்று பேருடைய செருப்பையும் ஒரு பையில் தூக்கிக்கொண்டு, மலையையும் மலையம்மாவையும் இந்தப் பாதைக்குக் கல்லுப் பதித்தவனையும் திட்டிக்கொண்டு ஏறினேன். முதல் கொத்தைப் புனிதைக்கு முன்னால் வெட்டித் துணியில் முடிவது, பிறகு பல்லரோவில் சலூன்காரனிடம் போய் முழுவதும் இறக்குவது என்று ஏற்பாடு. சலூன்காரனிடம் சொல்லி வைத்ததும் நான்தான். நேர்த்திக்கு எதிராகக் கதைத்தவனுக்குத்தான் எல்லா எடுபிடி வேலையும்.

குகைக்குள் குளிர்ந்தது. அந்தக் கோயிலுக்குக் கூரை பாறைதான். பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அதைப் பிடிக்கத் தகரப் பீலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொன்னுடுப்போடு புனிதை சாய்ந்து படுத்திருந்தா. நாலைந்து பலேர்மோக் கிழவிகள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பாதிரியார் எங்களைக் கண்டார். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, தடுக்காமல் நின்றார்.

மகள் முழங்காலில் இருந்தாள். முடியை முன்னுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு கழுத்தைக் குனிந்தாள். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே அப்படிக் குனிந்தாள். மனைவி கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கொத்தைப் பிடித்தாள். அவளுடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் படலையடியில் நின்ற தாயின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் அந்த முகத்தை வெறுத்தேன். அவளுக்காகப் பரிதாபப்படவும் செய்தேன்.

பீலிக்குத் தப்பிய ஒரு துளி மேலேயிருந்து விழுந்தது. நேரே மகளின் பிடரியில். பாறைத் தண்ணீர், ஐஸ்போல இருந்திருக்கும். பிள்ளை உடம்பைச் சிலுப்பித் தலையை ஆட்டினாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் வேள்வி பார்த்து வளர்ந்தவள். அந்தச் சிலுப்பலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உத்தரவு கிடைத்துவிட்டது. இனி வெட்டலாம்.

கத்தரிக்கோல் கல்லில் விழுந்த சத்தம் குகை முழுவதும் கேட்டது. மனைவி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். முதலில் மூச்சு எடுக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு தொடங்கினாள். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலும் எயார்போட்டிலும்கூட, அவள் அழுது நான் பார்த்ததில்லை. இது அழுகை என்று சொல்லக் கூடியதாகவும் இல்லை. தங்கையின் பெயரைச் சொல்லி, தாயைக் கூப்பிட்டு, மகளின் முடியை இரண்டு கையாலும் வாரி முகத்தில் வைத்துக்கொண்டு செத்தவீட்டில் குழறுவதுபோலக் குழறினாள். கிழவிகள் செபமாலையை நிறுத்தினார்கள். ஒருத்தி எழும்பி வந்து கடுதாசிக் கைக்குட்டை ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனாள், அழுதது நான் என்று நினைத்தாளோ என்னவோ. நானும் அழுதுகொண்டுதான் நின்றிருக்கிறேன்.

மகள் தாயின் முதுகைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பரீட்சையில் விடை கண்டுபிடித்த பிள்ளையின் முகம் அது.

"அப்பா, அம்மா அழுறா" என்றாள். "அப்ப செல்லாது."

"ஓம் பிள்ளை" என்றேன். "செல்லாது."

இறங்கும்போது பஸ்ஸில்தான் வந்தோம். இனி யாருக்காக நடப்பது? அந்தப் பை நிறையச் செருப்பை ஒவ்வொருவருக்காக எடுத்துக் கொடுத்தேன். பல்லரோச் சலூன்காரனுக்கு போன் செய்து வரவில்லை என்றேன். அவன் எங்களுக்காகக் கடையைத் திறந்து வைத்திருந்தானாம், அவனிடமும் பேச்சு வாங்கினேன். முன் ஆசனத்தில் மனைவி மகளைத் திருப்பி இருத்திப் பின்னத் தொடங்கினாள். நாலு வருஷமாகப் பின்னியதைவிட இறுக்கமாக இழுத்தாள்; மகள், "ஆய்! பாஸ்தா, அம்மா! போதும்!" என்று கத்தினாள். ஆனால் தாயின் கையைத் தட்டிவிடவில்லை.

வளைவுகளில் கடல் தெரிந்து மறைந்தது. பின்னி முடித்து, ரிபன் இல்லாததால் அந்த மஞ்சள் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, மனைவி திரும்பாமலே எனக்குச் சொன்னாள்:

"அண்டைக்கு அம்மாவும் அழுதிருக்கலாம்."